பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை: வயர்கட் பட்டறையில் ஒரு எக்ஸ்.பி கணினி

கோவையில் கணபதி பக்கம் ஒரு வயர்கட் பட்டறை, மின்பொறி பறக்கும் மெல்லிய கம்பியால் உலோகத்தை வெட்டுகிற இடம். பம்ப் மோட்டார் தகடுகளை அழுத்தி வெட்டுகிற (ஸ்டாம்பிங்) டை, பஞ்ச் என்ற ஜோடி அச்சுகளை வெட்டித் தருவதுதான் அங்கே முக்கிய வேலை. மாடியில் டிராயிங் ரூம், கீழே மெஷின். மாடியில் வரைகிற டி.எக்ஸ்.எஃப் ஃபைலைக் கீழே மெஷினோடு இருக்கும் கணினி நெட்வொர்க் வழியாக எடுத்துக்கொள்ளும். பல வருடமாக இப்படித்தான் நடந்துவந்தது. ஒரு நாள் மாடியில் இருந்த விண்டோஸ் 7 கணினி செத்துப்போனது. அதன் இடத்துக்கு விண்டோஸ் 10 ப்ரோ போட்ட புதுக் கணினி வந்தது. அன்றிலிருந்து கீழே ஃபோல்டர் திறக்கவில்லை.

பழுது பார்க்க நான் போவதற்குள் பத்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் நெட்வொர்க் ஸ்விட்ச் மாறியிருந்தது, கேபிள் மாறியிருந்தது, மாடிக் கணினியில் ஃபயர்வாலை முழுக்க அணைத்து வைத்திருந்தார்கள், ஃபோல்டருக்கு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்திருந்தார்கள். எதுவும் பலிக்காமல், கடைசியில் பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்கள்.

"ஏனுங்க தம்பி, கீழே இருக்கற சிஸ்டத்தையே தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிரலாங்களா?" என்று கேட்டார் முதலாளி.

வாங்க முடியாது. மெஷினை ஓட்டுகிற கன்ட்ரோல் கார்டு பி.சி.ஐ ஸ்லாட்டில் உட்காருவது. அதன் டிரைவர் விண்டோஸ் எக்ஸ்.பி-யோடு நின்றுவிட்டது. இன்று கடையில் கிடைக்கிற மதர்போர்டுகளில் பி.சி.ஐ ஸ்லாட்டே அபூர்வம். கார்டை மாற்றினால் மெஷினின் கன்ட்ரோலர் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். அது கணினி வாங்குகிற செலவில் அடங்காது. மெஷின் நன்றாக ஓடுகிறது, வெட்டு சுத்தமாக வருகிறது. 2001-ல் வந்து, 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுபோன ஒரு இயங்குதளம் அந்த மெஷினின் உறுப்பாகவே ஆகிவிட்டது. இதை ஒரு கணினியாகப் பார்க்காமல் மெஷினின் பாகமாகப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

முதலில் ஹார்டு டிஸ்க்

நெட்வொர்க்கைத் தொடுவதற்கு முன் அந்தக் கணினியை அணைத்துக் கழற்றினேன். உள்ளே கூலன்ட் ஆவியும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. சி.பி.யூ ஃபேனின் இறக்கைகள் பழுப்பு நிறத்தில் கனத்துப்போய் இருந்தன. ஹார்டு டிஸ்க் 40 ஜி.பி, அகலப் பட்டை கேபிளில் மாட்டுகிற பழைய வகை.

இந்த டிஸ்க் போனால் மெஷின் மென்பொருளை மறுபடி நிறுவ சி.டி இல்லை என்று ஆபரேட்டர் சொன்னார். அதனால் அன்று முழுக்க நெட்வொர்க் பக்கமே போகவில்லை. குளோன்ஸில்லாவில் டிஸ்கை அப்படியே நகலெடுத்து, நகல் டிஸ்கை மாட்டி, மெஷின் ஒரு சின்ன வெட்டை வெட்டி முடிக்கிறது என்று கண்ணால் பார்த்தபிறகுதான் அசல் டிஸ்கை உறையில் போட்டு முதலாளி கையில் கொடுத்தேன். இனிமேல் நான் எதைத் தவறாகச் செய்தாலும் திரும்பி வர ஒரு இடம் இருக்கிறது. பழைய கணினியில் வேலை செய்கிறவர்கள் இந்த ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. நெட்வொர்க் அமைப்பை மாற்றி நாலு தடவை ரீபூட் செய்யும்போதுதான் பத்து வருடம் ஓடிய டிஸ்க் நின்றுபோகும்.

எங்கே நிற்கிறது?

"கனெக்ட் ஆகவில்லை" என்பது ஒரு பழுதின் பெயர் இல்லை. எக்ஸ்.பி கணினி மாடிக் கணினியின் ஃபோல்டரைத் திறப்பதற்கு இடையில் ஐந்தாறு படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் ஃபயர்வாலை அணைப்பதும் அனுமதியை அள்ளிக் கொடுப்பதும் வீட்டில் கரண்ட் இல்லாதபோது பல்பை மாற்றுவது போலத்தான்.

மறுமுனை இருக்கிறதா என்று கேட்கும் பிங் கட்டளையை அடித்தேன். நாலுக்கு நாலு பதில், ஒரு மில்லிசெகண்டுக்குள். கேபிளும் ஐ.பி முகவரியும் சரி.

அடுத்தது பெயர். புதுக் கணினிக்கு விண்டோஸ் தானாக வைத்த பெயர், டெஸ்க்டாப் என்று தொடங்கிச் சில எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. எக்ஸ்.பி பழைய நெட்பயாஸ் முறையில் பெயரைச் சத்தம் போட்டுக் கேட்கும். புது விண்டோஸ் பேசுகிற வேறு சில வழிகள் அதற்குத் தெரியாது. பெயரில் சிக்கலா என்று பார்க்க, பெயரை விட்டுவிட்டு ஐ.பி முகவரியையே அடித்துத் திறந்தேன். அதே பிழை. பெயரில் குற்றம் இல்லை.

அடுத்தது போர்ட், அதாவது கணினியின் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல். கோப்புப் பகிர்வின் வாசல் 445. எக்ஸ்.பி-யில் டெல்நெட் கூடவே வரும். மாடிக் கணினியின் 445-ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் அடித்தேன். கறுப்புத் திரை வந்து கர்சர் மட்டும் மின்னியது. ஒன்றுமில்லாத அந்தத் திரைதான் நமக்கு வேண்டிய பதில்: போர்ட் திறந்திருக்கிறது, யாரோ மறுமுனையில் ஃபோனை எடுத்திருக்கிறார்கள். ஃபயர்வால் தடுத்திருந்தால் சில நொடி காத்திருந்து 'இணைக்க முடியவில்லை' என்று வந்திருக்கும். பரிசோதனை முடிந்தது, உடனே மாடிக்குப் போய் ஃபயர்வாலைத் திரும்பப் போட்டுவிட்டு, கோப்புப் பகிர்வுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, மறுபடி டெல்நெட் அடித்துப் பார்த்தேன். அப்போதும் கறுப்புத் திரை. பத்து நாளாக அந்தக் கணினி ஃபயர்வால் இல்லாமல் இணையத்தில் இருந்திருக்கிறது, எந்தப் பயனும் இல்லாமல்.

ஆக, ஃபோனை எடுக்கிறார்கள், ஆனால் பேச்சு நடக்கவில்லை. நெட் யூஸ் கட்டளையில் டிரைவ் மேப் செய்து பார்த்தபோது வந்த பிழை எண் 64: 'குறிப்பிட்ட நெட்வொர்க் பெயர் இப்போது இல்லை' என்ற பொருளில் ஒரு வரி. இந்த வாசகத்தைப் படித்துவிட்டுத்தான் முன்பு வந்தவர்கள் பெயரையும் கேபிளையும் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். வரி சொல்வது உண்மையில் இதுதான்: இணைப்பு ஏற்பட்டது, பிறகு மறுமுனை வைத்துவிட்டது.

ஏன் வைத்தது? விண்டோஸ் கோப்புப் பகிர்வு எஸ்.எம்.பி என்ற நெறிமுறையில் நடக்கிறது. முதல் செய்தியிலேயே கிளையன்ட் (ஃபைலைக் கேட்கும் கணினி) தனக்குத் தெரிந்த பேச்சு வழக்குகளைப் பட்டியலாக அனுப்பும், சர்வர் (ஃபைலைக் கொடுக்கும் கணினி) அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எக்ஸ்.பி-யின் பட்டியலில் கடைசியாக, புதியதாக இருப்பது 'என்.டி எல்.எம் 0.12'. அது எஸ்.எம்.பி 1. விஸ்டாவில் எஸ்.எம்.பி 2 வந்தது, விண்டோஸ் 8-ல் எஸ்.எம்.பி 3. விண்டோஸ் 7-க்கு எஸ்.எம்.பி 1-உம் தெரியும், 2-உம் தெரியும். அதனால்தான் அது இருந்தவரை கீழே இருப்பவருக்குக் குறை தெரியவில்லை. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினியில் எஸ்.எம்.பி 1 சர்வர் பகுதி இருப்பதில்லை. எக்ஸ்.பி நீட்டிய பட்டியலில் தெரிந்த வழக்கு எதுவும் இல்லை என்றதும் புதுக் கணினி பேசாமல் வைத்துவிட்டது.

இங்கே எக்ஸ்.பி-யிலும் பழுதில்லை, விண்டோஸ் 10-லும் பழுதில்லை. இரண்டுக்கும் பொதுவான மொழி இல்லை, அவ்வளவுதான்.

ஒரு டிக்

"விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் ஒரு டிக் போட்டா ஆயிரும்னு ஒருத்தர் சொன்னாருங்க" என்றார் முதலாளி. அவர் சொன்னது உண்மை. மாடிக் கணினியில் எஸ்.எம்.பி 1-ஐத் திரும்ப நிறுவலாம். ஐந்து நிமிட வேலை. ஒரு ரீபூட்டுக்குப் பிறகு ஃபோல்டர் திறந்துவிடும்.

அந்த டிக்கை நான் போடவில்லை. அந்தக் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன். எல்லா வாடிக்கையாளர்களின் டிராயிங், கணக்கு, ஜி.எஸ்.டி ஃபைல்கள், பேங்க் வேலை. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது எஸ்.எம்.பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்கு இரண்டு மாதம் முன்பே திருத்தம் வந்திருந்தும், போடாத கணினிகள் உலகம் முழுக்க மாட்டின. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆதரவு நின்று மூன்று வருடம் ஆன எக்ஸ்.பி-க்கே அந்த வாரம் தனியாகத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. அந்த ஒரு ஓட்டை இன்று அடைபட்டிருக்கலாம். ஆனால் எஸ்.எம்.பி 1 என்பது உருவாக்கியவர்களே கைவிட்டு, எடுத்துவிடுங்கள் என்று சொல்கிற ஒன்று. பென் டிரைவ் தினமும் மாறிமாறிச் செருகப்படுகிற ஒரு எக்ஸ்.பி கணினிக்காக, பட்டறையின் மொத்தப் பிழைப்பும் இருக்கிற கணினியில் அதைத் திறந்துவைப்பது எனக்குச் சம்மதமில்லை.

அந்தப் பென் டிரைவையும் பார்த்தேன். ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து, அதே பெயரில் ஷார்ட்கட்கள் உட்கார்ந்திருந்தன, வைரஸின் கைவேலை. இதைத் திறந்து காட்டியபிறகு முதலாளிக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

நடுவில் ஒரு லேப்டாப்

பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடந்தது. கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது, பேட்டரி இருபது நிமிடம் தாங்கும். எனக்கு அது போதும். பட்டறையில் கரண்ட் போய்ப் போய் வரும், அந்த இருபது நிமிடம்தான் யூ.பி.எஸ். அதில் டெபியன் லினக்ஸ் போட்டேன், மேலே லினக்ஸின் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா மென்பொருள். ஒரு யூ.எஸ்.பி லேன் அடாப்டர் வாங்கினேன். லேப்டாப்பின் சொந்த லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் நேராக எக்ஸ்.பி-க்கு, அடாப்டரிலிருந்து மாடி நெட்வொர்க்குக்கு. இரண்டு பக்கமும் வேறு வேறு ஐ.பி வரிசை, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எதையும் கடத்தாது. எக்ஸ்.பி-யில் வெளி நெட்வொர்க்குக்கு வழி சொல்லும் கேட்வே கட்டத்தைக் காலியாக விட்டேன். இப்போது அந்தக் கணினிக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் லேப்டாப்தான். இணையமும் இல்லை, மாடியும் இல்லை.

சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி 1-ஐத் தானாக ஏற்பதில்லை. அமைப்புக் கோப்பில் 'சர்வர் மின் புரோட்டோகால்' என்பதை என்.டி 1 (எஸ்.எம்.பி 1-க்குச் சாம்பா வைத்த பெயர்) என்று வைத்துத் திறந்தேன். இது மொத்த சர்வருக்கும் பொதுவான அமைப்பு, ஒரு ஃபோல்டருக்கு மட்டும் வைக்க முடியாது. ஆனாலும் மாடிக் கணினி வந்து பேசும்போது இருவருக்கும் தெரிந்த உயர்ந்த பதிப்பான எஸ்.எம்.பி 3-இல்தான் பேசும். ஆபத்து முழுவதும் லேப்டாப்போடு நிற்கிறது. அந்த லேப்டாப்பில் டிராயிங் நகல்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இரண்டு ஃபோல்டர்கள் வைத்தேன். டிராயிங் என்பது மாடியிலிருந்து எழுதுவதற்கு; எக்ஸ்.பி அதைப் படிக்க மட்டும் முடியும். கட்டிங் என்பது எக்ஸ்.பி எழுதுவதற்கு. கீழே என்ன வைரஸ் வந்தாலும் மாடியில் வரைந்து வைத்தது கெடாது.

சரி, இப்போது திறந்துவிடும் என்று எக்ஸ்.பி-யில் லேப்டாப்பின் முகவரியை அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. கொடுத்தேன். மறுபடி கேட்டது. சாம்பாவில் பாஸ்வேர்டைத் திரும்ப வைத்தேன், எழுத்து எழுத்தாக அடித்தேன், மறுபடியும் கேட்டது. மாடியிலிருந்து அதே பெயர், அதே பாஸ்வேர்ட் கொடுத்தால் உடனே திறக்கிறது. ஆக பாஸ்வேர்ட் சரி, அதை எக்ஸ்.பி சொல்கிற விதம்தான் பிரச்சினை.

எக்ஸ்.பி நிறுவியபடி இருந்தால், பாஸ்வேர்டுக்கான சான்றை எல்.எம், என்.டி.எல்.எம் என்ற இரண்டு பழைய முறைகளில் அனுப்பும். எல்.எம் முறை பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தாக்கி, ஏழு ஏழு எழுத்தாக இரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே கையாளும். பதினான்கு எழுத்துப் பாஸ்வேர்டை உடைக்க, இரண்டு ஏழெழுத்துப் பாஸ்வேர்டுகளை உடைத்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. 2016-இல் வந்த சாம்பா 4.5 முதல் இந்தப் பழைய முறைகளை மறுத்து, என்.டி.எல்.எம் வி2 மட்டும் ஏற்கிறது.

இந்த இடத்தில் இணையத்தில் தேடினால் சாம்பாவின் விதியைத் தளர்த்தச் சொல்லும் ஒரு வரிதான் முதலில் கிடைக்கும். அது தேவையே இல்லை. எக்ஸ்.பி-க்கு என்.டி.எல்.எம் வி2 தெரியும், பேசச் சொல்லவில்லை அவ்வளவுதான். கன்ட்ரோல் பேனல், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, அதில் லோக்கல் பாலிசிஸ் என்பதன் கீழே செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ். அங்கே 'லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல்' என்ற வரியைத் திறந்து 'என்.டி.எல்.எம் வி2 மட்டும் அனுப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். ஃபோல்டர் திறந்தது. எக்ஸ்.பி ஹோம் பதிப்பில் இந்தத் திரை கிடையாது. அதில் ரெஜிஸ்ட்ரியில் எல்.எம் கம்பேட்டிபிலிட்டி லெவல் என்ற மதிப்பை 3 ஆக்க வேண்டும். கிளையன்டை எவ்வளவு மேலே கொண்டுவர முடியுமோ அவ்வளவு கொண்டுவந்துவிட்டு, மிச்சம் இருக்கும் இடைவெளிக்கு மட்டும்தான் சர்வரில் கதவைத் திறக்க வேண்டும். எஸ்.எம்.பி 1 விஷயத்தில் எக்ஸ்.பி-யால் ஏற முடியாது, பாஸ்வேர்ட் விஷயத்தில் முடியும்.

தினமும் பாஸ்வேர்ட் கேட்காமல் இருக்க, எக்ஸ்.பி-யில் லாகின் செய்கிற பெயரும் பாஸ்வேர்டும் சாம்பாவில் வைத்த பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாக இருக்கும்படி செய்தேன். விண்டோஸ் முதலில் லாகின் விவரத்தையே நீட்டிப் பார்க்கும், பொருந்தினால் கேட்காது. பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் நுழைவு கொடுத்தால் இன்னும் எளிது என்று தோன்றும். ஆனால் புது விண்டோஸ் பதிப்புகள் கெஸ்ட் நுழைவை மறுக்கத் தொடங்கிவிட்டன; மாடியில் அடுத்த கணினி மாறும் நாளில் அது நின்றுபோகும்.

இன்னொரு சின்ன விஷயம். ஃபோல்டர் திறந்தாலும், முதல் தடவை திறக்க முப்பது வினாடி போல ஆனது, பிறகு வேகமாக இருந்தது. லேன் இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், மைக்ரோசாஃப்ட் கிளையன்டோடு, நெட்வேர் என்ற பழைய நெட்வொர்க் முறையின் கிளையன்டும் அதன் ஐ.பி.எக்ஸ் நெறிமுறையும் டிக் போட்டு இருந்தன. இந்தக் கணினி பட்டறைக்கு வருமுன் ஏதோ ஒரு அலுவலகத்தில் நாவெல் நெட்வேர் சர்வரோடு இருந்திருக்கிறது. எந்த முகவரியைக் கேட்டாலும் எக்ஸ்.பி முதலில் நெட்வேர் வழியாகத் தேடி, யாரும் பதில் சொல்லாமல் காத்திருந்து, அப்புறம்தான் மைக்ரோசாஃப்ட் கிளையன்டிடம் வரும். இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்தேன். தாமதம் போயிற்று. டிக்கை மட்டும் எடுத்தாலும் வேலை நடந்திருக்கும். ஆனால் யாராவது ஒரு நாள் திரும்பப் போடுவார்கள்.

சாயங்காலம் மெஷினின் பழைய ஜாப் ஃபைல்கள் எல்லாவற்றையும், ஏறக்குறைய 2 ஜி.பி, கட்டிங் ஃபோல்டருக்கு நகலெடுக்கப் போட்டேன். ஐந்து மணி நேரம் ஆகும் என்று காட்டியது. வினாடிக்கு நூறு கே.பி சொச்சம்தான் போகிறது. 100 மெகாபிட் கார்டு, நடுவில் ஸ்விட்ச்கூட இல்லை, மூன்று மீட்டர் கேபிள். பிங் அடித்தால் இப்போதும் குறையே இல்லை.

லேப்டாப்பில் ஈத்டூல் கட்டளை கொடுத்துப் பார்த்தேன். வேகம் 100, டூப்ளெக்ஸ் ஹாஃப். எக்ஸ்.பி-யில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து லேன் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தைப் பார்த்தால், 'ஆட்டோ' இருக்க வேண்டிய இடத்தில் '100 ஃபுல்' என்று யாரோ கையால் வைத்திருந்தார்கள். ஒரு முனை கையால் வைக்கப்பட்டால் அது பேச்சுவார்த்தை நடத்தாது. தானாகப் பேசுகிற மறுமுனை, வருகிற சிக்னலை வைத்து வேகம் 100 என்று கண்டுகொள்ளும். ஃபுல்லா ஹாஃபா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தெரியாவிட்டால் ஹாஃப் என்று வைத்துக்கொள் என்பது விதி. இப்போது எக்ஸ்.பி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று நினைக்கிறது, லேப்டாப் ஒருவர் பேசும்போது மற்றவர் பேசக்கூடாது என்று நினைக்கிறது. பிங்கில் கேள்வி போய், பதில் வந்து, பிறகுதான் அடுத்த கேள்வி, மோதல் வராது. பெரிய ஃபைல் போகும்போது தரவு ஒரு பக்கம், பெற்றுக்கொண்டேன் என்ற செய்தி மறுபக்கம், இரண்டும் ஒரே நேரம். லேப்டாப் ஒவ்வொரு தடவையும் மோதல் என்று நிறுத்திவிட்டுத் திரும்ப அனுப்பும்.

ஆட்டோ என்று மாற்றினேன். ஈத்டூல் ஃபுல் என்று காட்டியது. நகல் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. இந்தக் கோளாறு பல வருடமாக இருந்திருக்கும். டிராயிங் ஃபைல்கள் சில நூறு கே.பி என்பதால் யாருக்கும் தெரியவில்லை. மெஷினின் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்த லேன் கேபிளையும் பிரித்துத் தனியாக ஓட்டினேன். ஸ்பார்க்கில் வெட்டுகிற மெஷின் பக்கத்தில் அது இருக்கக் கூடாது.

காலையில் பழைய டிராயிங்

மெஷின் மென்பொருள் நெட்வொர்க் டிரைவிலிருந்து நேரடியாக வெட்டுவதை நான் விரும்பவில்லை. நடு வெட்டில் இணைப்பு போனால் ஜாப் போய்விடும். அதனால் எக்ஸ்.பி தொடங்கும்போது டிராயிங் ஃபோல்டரிலிருந்து புது ஃபைல்களை டி டிரைவுக்கு இழுத்து வைக்க ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) எழுதினேன். எக்ஸ்காப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை, அதோடு /டி. மூலத்தில் இருப்பது புதியதாக இருந்தால் மட்டும் நகலெடு என்று அர்த்தம். ஆபரேட்டர் கீழே ஒரு ஃபைலைத் திருத்தியிருந்தால் அதன் தேதி புதியதாக இருக்கும், மாடியில் இருக்கும் பழையது அதன்மேல் விழாது. நன்றாக யோசித்துத்தான் எழுதியதாக நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஆபரேட்டர் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"நேத்து சாயங்காலம் பஞ்ச்சுக்கு கிளியரன்ஸ் கொறச்சு மாத்தி சேவ் பண்ணி வெச்சனுங்ணா. காலைல வந்து ஓட்டி உட்டேன். வெட்டி முடிச்சுப் பாத்தா பழைய சைஸுங்ணா."

டையும் பஞ்ச்சும் ஒரே அளவில் இருந்தால் பஞ்ச் உள்ளே இறங்காது. அரை மில்லிமீட்டர் ஸ்டாம்பிங் தகட்டுக்கு ஒரு பக்கத்துக்கு நூற்றில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அந்த இரண்டு மூன்றுக்காகத்தான் அவர் மாலை உட்கார்ந்து ஃபைலைத் திருத்தியிருக்கிறார். ஹார்டனிங் முடிந்த எச்.சி.எச்.சி.ஆர் எஃகுக் கட்டை ஒன்றும், 0.18 மில்லிமீட்டர் மாலிப்டினம் கம்பி ஓடிய அரை நாளும் வீண்.

போனதும் டி டிரைவில் ஃபைல்களின் தேதியைப் பார்த்தேன். ஆபரேட்டர் அன்று சேவ் செய்த எல்லாம் 2004 ஜனவரி 1 என்று இருந்தன. டாஸ்க்பாரின் மூலையில் இருந்த கடிகாரத்தில் மவுஸை வைத்தேன். 2004 ஜனவரி 1.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தாங்ணா. காலைல எஃப் 1 அடிச்சுத்தான் உள்ள போவோம்."

மதர்போர்டின் சி.ஆர் 2032 செல் தீர்ந்துபோய் எவ்வளவு காலமோ தெரியாது. இரவு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார்கள்; செல் இல்லாமல் கடிகாரம் நினைவை இழந்து, காலையில் தொழிற்சாலைத் தேதியிலிருந்து தொடங்கும். நேற்று மாலை திருத்திய ஃபைல் 2004-ஆம் வருடத்தது. மாடியில் மூன்று நாள் முன்பு வரைந்தது அதைவிட இருபது வருடம் புதியது. எக்ஸ்காப்பி சொன்னதைச் செய்தது.

கணினியைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது அந்தச் செல்லை என் விரலால் தொட்டிருக்கிறேன். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் திரையில் நின்று தேதியைப் படிக்கவில்லை. நெட்வொர்க் வேலைக்கு வந்தவன் தேதியை ஏன் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றியிருக்கலாம். ஒரு கணினி இன்னொன்றோடு ஃபைல் பரிமாறத் தொடங்கிய நிமிடமே இரண்டின் கடிகாரமும் ஒரே வேலையின் பகுதி ஆகிவிடுகிறது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். கட்டையின் விலையை என் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். முதலாளி பாதிதான் கழித்தார்.

புதுச் செல் போட்டேன். மீட்டரில் 3 வோல்டுக்குச் சற்று மேல். பழையது ஒன்றரை வோல்ட்கூடக் காட்டவில்லை. ஆனால் செல்லை மட்டும் நம்பவில்லை. எக்ஸ்.பி-யில் இருக்கிற இன்டர்நெட் டைம் வசதி இதற்கு உதவாது: தேதியே தவறாக இருந்தால், பாதுகாப்புக் காரணத்துக்காக நேரத்தைச் சரிசெய்ய மாட்டேன் என்று அது மறுத்துவிடும். அதனால் பேட்ச் ஃபைலின் முதல் வரியாக நெட் டைம் கட்டளையைச் சேர்த்தேன், லேப்டாப்பின் நேரத்தை எடுத்து அப்படியே வைத்துக்கொள்ளும். அது தவறினால் பேட்ச் ஃபைல் மேற்கொண்டு போகாமல் நின்று, ஆபரேட்டரைக் கூப்பிடும்.

எக்ஸ்காப்பியையும் எடுத்துவிட்டேன். தேதியை வைத்து எது புதியது என்று முடிவு செய்கிற எதையும் இந்தக் கணினியில் இனி வைக்கப் போவதில்லை. மாடியிலிருந்து வரும் ஃபைல் டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு வரும். ஆபரேட்டர் திருத்தினால் வேறு ஃபோல்டரில், பெயரின் கடைசியில் தன் எழுத்தைச் சேர்த்து சேவ் செய்வார். மெஷின் வெட்டுவது அந்த இரண்டாவது ஃபோல்டரிலிருந்து மட்டும். மாலையில் அது லேப்டாப்பின் கட்டிங் ஃபோல்டருக்குப் போகும். மாடியில் வரைபவர் அதைத் திறந்து கீழே என்ன மாற்றினார்கள் என்று பார்த்துத் தன் டிராயிங்கிலும் திருத்திக்கொள்வார். இந்தக் கடைசிப் பழக்கம் நான் சொல்லி வந்ததில்லை, அவர்களே ஆரம்பித்தது. முன்பு அந்தத் திருத்தங்கள் கீழேயே நின்றுபோகும், அடுத்த தடவை அதே டை வரும்போது மறுபடி முதலிலிருந்து செய்வார்களாம்.

பென் டிரைவை மெஷின் பக்கம் கொண்டுவருவது நின்றுவிட்டது. யூ.எஸ்.பி போர்ட்டுகளைப் பயாஸில் அணைக்க நினைத்தேன், மவுஸ் யூ.எஸ்.பி என்பதால் முடியவில்லை. முன்பக்கப் போர்ட்டுகளின் கம்பியை மட்டும் மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டேன், ஆட்டோரன்னையும் நிறுத்தினேன்.

கேபினெட்டின் உட்பக்கக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கூலன்ட் படாமல் இருக்க மேலே செல்லோ டேப் போட்டிருக்கிறேன். எக்ஸ்.பி-யின் ஐ.பி, லேப்டாப்பின் ஐ.பி, எந்தக் கேபிள் எங்கே போகிறது, லேன் கார்டு ஆட்டோவில் இருக்க வேண்டும், ஆதென்டிகேஷன் லெவல் எதில் இருக்க வேண்டும், அசல் டிஸ்க் யாரிடம் இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில் செல் மாற்றிய தேதி. அதற்குப் பக்கத்தில், அடுத்து மாற்ற வேண்டிய வருடத்தை ஆபரேட்டர் தன் கையால் எழுதிவைத்திருக்கிறார்.